கடல் தெரியாத ஊருக்கும் புயல் வரும்: கடலூர், புதுச்சேரி உள்பகுதி கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் பண்ருட்டிக்கு மேற்கே இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் போக வேண்டும். 2011 டிசம்பர் 29ஆம் தேதி ராத்திரி 'தானே' புயல் வருகிறது என்று டிவியில் திரும்பத் திரும்பச் சொன்னபோதும் எங்கள் தெருவில் யாரும் அசையவில்லை. அது கடற்கரை ஊர்களான தேவனாம்பட்டினத்துக்கும் தாழங்குடாவுக்கும் சொல்கிற சேதி என்றுதான் நினைத்தோம். மறுநாள் காற்று ஓய்ந்து வெளியே வந்தபோது, முந்திரித் தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. தாத்தா வைத்த பலாமரம் வேரோடு பெயர்ந்து கிடந்தது, முறிந்த கிளையெல்லாம் பால் வடிந்துகொண்டிருந்தது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

அப்புறம் 2015 நவம்பர் 9. அதற்குப் புயல் என்று பெயர்கூட வைக்கவில்லை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். ஆனால் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது, பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் வீட்டோடு ஆட்களை அடித்துக்கொண்டு போனது. 2024இல் 'ஃபெஞ்சல்' நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர், மயிலத்தில் 51. மழை குறைந்ததும் எல்லாரும் மூச்சு விட்டோம். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது, தென்பெண்ணைக் கரையெங்கும் ஊருக்குள் ஆறு வந்தது.

இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே இதற்காகத்தான். உள்பகுதி ஊர்களுக்குப் புயல் இரண்டு தடவை வருகிறது. முதலில் காற்றாக, பிறகு தண்ணீராக. இரண்டுக்கும் நடுவே ஒரு நாளோ இரண்டு நாளோ இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில்தான் நாம் ஏமாறுகிறோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2024 செப்டம்பரில் 'ஹெலீன்' புயல் ஃப்ளோரிடா கரையில் ஏறியது, ஆனால் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வட கரோலினா மலை ஊர்கள் வெள்ளத்தில் சிதைந்தன.

படி 1: உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பெய்கிற மழையை மட்டும் பார்த்தால் போதாது.

தென்பெண்ணை என்றால் கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் வழியாக வருகிறது. ஃபெஞ்சலின்போது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் பெய்தது, அந்தத் தண்ணீர்தான் பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் வந்து சேர்ந்தது. ஆகவே தென்பெண்ணைக் கரைக்காரர்கள் ஊத்தங்கரை மழையையும் சாத்தனூர் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். வில்லியனூர் பக்கம் சங்கராபரணி, அதற்கு வீடூர் அணை. பண்ருட்டிக்கும் திருவந்திபுரத்துக்கும் கெடிலம். குறிஞ்சிப்பாடி பக்கம் பரவனாறும் பெருமாள் ஏரியும். விருத்தாசலத்துக்கு மணிமுத்தாறு, அதைச் சேர்த்துக்கொண்டு வருகிற வெள்ளாறு. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்துக் கொள்ளிடக் கரை ஊர்களுக்கு மேட்டூர் திறப்புதான் சேதி, இங்கே சொட்டு மழை இல்லாமலும் வெள்ளம் வரும்.

ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். "எந்த வருஷம் எதுவரைக்கும் தண்ணி வந்தது, எந்தப் பக்கமா நுழைஞ்சது?" என்று கேட்டால் கோயில் படிக்கட்டைக் காட்டிச் சொல்வார்கள். எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மேடு கடைசிவரை நிற்கும் என்று ஒரு நோட்டில் எழுதி, கையாலேயே ஒரு வரைபடமும் போட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பகுதிகளில் ஒரு ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி என்று மாறி மாறி வரும். எச்சரிக்கை இரண்டு அரசாங்கத்தின் வழியாகத் தனித்தனியாக வருகிறது, ஆனால் வாய்க்கால் ஒன்றுதான். எனவே ஆற்றில் உங்களுக்கு மேலே இருக்கிற மூன்று ஊர்களில், எந்த அரசாங்கமானாலும் சரி, ஊருக்கு ஒருவர் போன் நம்பராவது உங்களிடம் இருக்கட்டும். இதுவரை எனக்குத் தெரிந்து இதைவிட வேகமான எச்சரிக்கை வேறில்லை.

படி 2: மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டியவை

கூரையில் ஆரம்பியுங்கள். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, இறவாணத்துக்கு அடியில் புகுந்து தூக்குகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கிற விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய ஷீட், 120இல் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தானே கரையேறியபோது 120க்கு மேல்தான் இருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் வீடுகளில் ஷீட்டைப் பிடித்திருக்கிற கொக்கி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பார்த்தபோது வெளியே நன்றாகத் தெரிந்த போல்ட்டு உள்ளே துரு அரித்துத் தீக்குச்சி மாதிரி முறிந்தது, அதே வரிசையில் இன்னும் நான்கு அப்படியே. ஓரத்திலும் மூலையிலும் காற்று அதிகம் இழுக்கும், அங்கே கொக்கிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். கூரை மேல் செங்கல், கல், பழைய டயர் தூக்கி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், புயலில் அவை பறந்து வந்து அடுத்த வீட்டுக்காரர் மேல் விழும். கீற்றுக் கொட்டகையானால் மேலே வலையோ கயிறோ குறுக்கும் நெடுக்கும் போட்டு, தரையில் ஆழமாக அடித்த முளையில் கட்டுங்கள். இதெல்லாம் பொருளைக் காப்பாற்றுவதற்குத்தான். ஆட்கள் அன்று ராத்திரி அந்தக் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது.

மரங்களில் முருங்கை முதலில் முறியும், வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையைக் கழித்துவிடுங்கள். பலா, முந்திரி, வேம்பு ஆகியவற்றின் தலையை அடர்த்தியாக விடாமல் உள்கிளைகளைக் கழித்து காற்று நுழைந்து போக வழி விடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் மரம் எடை தப்பி மறுபக்கம் சாயும். தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய காய் எல்லாவற்றையும் இறக்குங்கள். கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற மரத்தில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள், லைன்மேனுக்குச் சொல்லி லைனை அணைத்த பிறகுதான்.

வாழைக்குச் சவுக்குக் கட்டையால் முட்டு, கரும்புக்குத் தோகையைச் சேர்த்துக் கட்டுவது, இதெல்லாம் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள், புயல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பிரயோஜனம் இல்லை.

வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் ஊர் கூடி எடுத்துவிடுங்கள். ஓர் ஏக்கரில் 48 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 19 லட்சம் லிட்டர். அத்தனையும் அந்த ஒரு வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

படி 3: ஊர்ப் பட்டியல்

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பேறுகாலம் நெருங்கிய பெண்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள். இவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் போய்த் தூக்கிவருவார், எந்த வண்டியில் என்று பெயர் போட்டு எழுதுங்கள். "பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துப்பாங்க" என்று விடாதீர்கள், அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தன் வீடு இருக்கும். பேறுகாலப் பெண்களைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே பேசி, புயல் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். டயாலிசிஸ் முறை புயல் நாளில் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று வெளியூரிலிருந்து வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர்களும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். ரேஷன் கார்டு இங்கே இல்லை என்பதால் யார் கணக்கிலும் இல்லாமல் போகிறவர்கள் அவர்கள்தான்.

படி 4: அறிவிப்பைப் படிக்கும் முறை

வானிலை ஆய்வு மையம் புயலுக்கு நான்கு கட்டமாகச் சொல்கிறது. 72 மணி நேரத்துக்கு முன் முதல் தகவல், 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. நான்காவது, கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன் வருவது. கரையேறிய பிறகு புயல் எந்தத் திசையில் போகும், உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று அதில்தான் இருக்கும். டிவியில் இது அதிகம் அடிபடாது, நமக்கு முக்கியமானதோ அதுதான். எச்சரிக்கையின் நிறம் ஆரஞ்சு என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வேலையில் இறங்க வேண்டிய நேரம். மஞ்சளையும் அலட்சியம் செய்யாதீர்கள், ஒரே ராத்திரியில் நிறம் மாறியிருக்கிறது.

புயல் வலுவிழந்துவிட்டது என்று கேட்டதும் படுத்துவிடாதீர்கள். வலுவிழந்தது காற்று. மழை அல்ல. மெதுவாக நகர்கிற, ஒரே இடத்தில் நிற்கிற புயல்தான் அதிகம் கொட்டும், ஃபெஞ்சல் அப்படித்தான் நின்றது.

படி 5: 48 மணி நேரம் இருக்கும்போது

குடிநீர்தான் முதல் கவலை. தானேக்குப் பிறகு எங்கள் ஊரில் சோற்றுக்குக்கூட அவ்வளவு கஷ்டம் இல்லை, தண்ணீருக்குத்தான். போர் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, மோட்டார் போடக் கரண்ட் இல்லை. அம்மா குடத்தோடு கைபம்பு வரிசையில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது, ஊருக்கே அந்த ஒரு பம்புதான். ஆகவே ஊராட்சித் தொட்டியைப் புயலுக்கு முந்தின நாளே நிரப்பச் சொல்லுங்கள், மோட்டாரை இழுக்கிற அளவு ஜெனரேட்டரை முன்பணம் கொடுத்துப் பிடித்துவையுங்கள், கைபம்பு ரிப்பேர் என்றால் சரி செய்யுங்கள். வீட்டில் அண்டா, குடம், பக்கெட் எதையும் காலியாக விடாதீர்கள். மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் தொட்டி நிரம்பியிருந்தால் நிற்கும், காலியாக இருந்தால் பறக்கும்.

அவல், பொட்டுக்கடலை, ரஸ்க், சத்துமாவு, பேரீச்சம்பழம் மாதிரி அடுப்பில்லாமல் சாப்பிடுகிறவை மூன்று நாளைக்கு. மருந்து இரண்டு வாரத்துக்கு. இன்சுலினை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை வைத்து அதில் வைத்தால் பிரிட்ஜ் இல்லாமலும் சூடேறாது. கையில் ரொக்கம் வைத்திருங்கள், ஏடிஎம்மும் போன் பணமும் கரண்டோடு போய்விடும். பைக்கில் பெட்ரோல். பவர்பேங்க், டார்ச், பேட்டரி ரேடியோ.

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் இரட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, ஒன்று விடாமல் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கிற உறவுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியே வீட்டையும், மாட்டையும், வயலையும் நான்கைந்து போட்டோ. பிறகு நிவாரணம் கேட்கும்போது முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் சாட்சி.

ஊருக்கு: மரம் அறுக்கும் மிஷின் இரண்டு, டீசலோடு ஒரு ஜேசிபி ஊருக்கு உள்ளேயே நிற்க வேண்டும். மெயின் ரோட்டில் மரம் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. ஏரிக்கரையில் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் குவித்துவையுங்கள். மதகு ஷட்டர் சுற்றுகிறதா என்று இன்றைக்கே சுற்றிப் பாருங்கள்.

படி 6: மாடு, ஆடு

கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு ஒரு தொழுவத்தில் கயிற்றின் நீளத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தலையைத் தூக்கிய நிலையிலேயே செத்துக்கிடந்த கறவை மாட்டைப் பார்த்தேன். அந்த வீட்டம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரோடும் பேசவில்லை. மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள், வைக்கோலையும் அங்கேயே கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். முடியவில்லை என்றால் கயிற்றை அவிழ்த்தாவது விடுங்கள், மாடு தானாக மேடு தேடும்.

படி 7: காற்று அடிக்கும் ராத்திரி

கான்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், முகாம், எதுவானாலும் இருட்டுவதற்கு முன் போய்விடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள், கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள், காலி சிலிண்டரைக் கட்டிவையுங்கள், தண்ணீரில் மிதந்து போய்விடும். ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கமாக மூடியிருக்கட்டும், காற்று ஒருமுறை உள்ளே புகுந்தால் கூரையை உள்ளிருந்தும் தள்ளும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில், சுவரை ஒட்டி உட்காருங்கள்.

திடீரென்று காற்று நின்றுபோனால் வெளியே போகாதீர்கள். அது புயலின் கண். தானே புயலன்று வடக்கிலிருந்து மணிக்கணக்கில் அடித்த காற்று சட்டென்று அடங்கியது, பறவைச் சத்தம்கூடக் கேட்டது. சித்தப்பா பறந்துபோன ஷீட்டைப் பொறுக்க வெளியே இறங்கினார். கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் தெற்கிலிருந்து ஒரே அறையாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டது, அவர் கிணற்றுத் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தார். வடக்குக் காற்றுக்குத் தாங்கி, லேசாக ஆடிப்போன மரமும் சுவரும் தெற்குக் காற்றில்தான் விழும்.

படி 8: காற்று போன பிறகு

மற்ற புயல் வழிகாட்டிகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும், உள்பகுதிக்கு இங்கேதான் இரண்டாம் பாதி ஆரம்பம். காற்று ஓய்ந்து குறைந்தது மூன்று நாளைக்கு ராத்திரி காவல் போடுங்கள். இரண்டு இரண்டு பேராக, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி.

ஆற்றோரத்திலும் ஏரியோரத்திலும் தண்ணீர் தொடுகிற இடத்தில் அடி அடியாகப் பெயிண்ட் அடித்த கழியை நடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு ஏறியது என்று எழுதுங்கள். மேலே இருக்கிற ஊர்க்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அணையிலிருந்து எத்தனை கனஅடி என்று செய்தி வந்தால் அதைக் கையில் பிடிக்கிற கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்: ஒரு கனஅடி என்றால் வினாடிக்கு 28 லிட்டர் சொச்சம். 1.68 லட்சம் என்றால் வினாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த எண் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. ஏறுகிறது என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கோடி வழியாக வெளியே போவது பயப்பட வேண்டிய விஷயமில்லை, அது போக வேண்டிய வழி. கரையின் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் தொடர்ந்து கவனியுங்கள். கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரையை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே கீழே இருக்கிற வீடுகளைக் காலி செய்துவிட்டு வி.ஏ.ஓ.வுக்கும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கும் சொல்லுங்கள். கரையை நீங்களாக வெட்டிவிடாதீர்கள், நம் ஊர் தப்பித்து அடுத்த ஊர் மூழ்கும்.

கோயில், மசூதி, சர்ச் மைக் எதுவானாலும் பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று வேண்டும். "ஜாக்கிரதையா இருங்க" என்று சொன்னால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "கீழத்தெருக்காரங்க இப்பவே பள்ளிக்கூடத்துக்கு வாங்க, மேற்கு வழியா வாங்க, தரைப்பாலம் பக்கம் போகாதீங்க" என்று எந்தத் தெரு, எங்கே, எந்த வழி என்று சொல்லுங்கள்.

ஓடுகிற தண்ணீரில் முழங்கால் ஆழமே ஆளைச் சாய்க்கப் போதும், இரண்டடி ஓட்டம் காரைத் தூக்கிக்கொண்டு போகும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள், அடியில் பாலம் இருக்கிறதா என்றே தெரியாது. வயல் வழியாக நடக்க வேண்டியிருந்தால் கையில் கழி, நம் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு எத்தனையோ.

படி 9: தண்ணீர் வடிந்ததும்

அறுந்து கிடக்கிற கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள், தமிழ்நாட்டில் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், புகை வாசனை தெரியாமலே கொல்லும். அதை வீட்டு வயரிங்கில் நேராகச் செருகவும் கூடாது, வெளியே கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிர் போகும்.

ஷூவை உதறிப் போடுங்கள், மூட்டையைக் கழியால் தட்டிப் பிறகு தூக்குங்கள், பாம்பு மேடு தேடி நம் வீட்டுக்குள்தான் வந்திருக்கும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108இல் அரசு ஆஸ்பத்திரிக்கு. வெள்ளத்தண்ணீர் புகுந்த கிணற்றை இறைத்து, ஊராட்சி சார்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் குடிக்க, அதுவும் கொதிக்கவைத்து. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கால் புண்ணோடு சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், கடை மாத்திரையில் நாள் கடத்தாதீர்கள்.

அறுத்துப் போட்ட கதிர் நனைந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுக்குத் தகவல் போக வேண்டும். இறந்த மாட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் காட்டுங்கள். சாய்ந்த சின்னப் பலா, முந்திரியில் பாதி வேர் மண்ணில் இருந்தால் அறுத்துவிடாதீர்கள், கிளையைக் குறைத்து, நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுங்கள். எங்கள் தோப்பில் அப்படி நிமிர்த்திய இரண்டு மரம் இன்றைக்கும் காய்க்கிறது.

சுவரில் சேற்றுக்கோடு காய்வதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரிலும் கோயில் சுவரிலும் தண்ணீர் ஏறிய உயரத்தில் ஆயில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் மணியையும் எழுதுங்கள். சாத்தனூரிலோ வீடூரிலோ அன்றைக்கு எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதையும் அதற்குக் கீழே எழுதிவிடுங்கள்.